சத்தம் கூட்டு

ஜுனைட் பாட்டுப் போட்டால் தெருவே அதிரும். இரண்டு பேர் பிடித்து இறக்கிய ஸ்பீக்கர் அது. இடுப்பளவு உயரம், முகத்தில் நீலமும் சிவப்புமாக வெளிச்சம் ஓடும். அவனுக்குப் பாட்டென்றால் பைத்தியம் என்று கல்முனைக்குடியின் அந்த ஒழுங்கைத் தெரு முழுக்க ஒரு பேச்சு. எதிர்வீட்டு ஹார்ட்வேர் கடைக்காரர் அவனைக் கண்டால் "கலா ரசிகன் வாறார்" என்று சிரிப்பார். ரசிகனாவது மண்ணாங்கட்டியாவது. பெண்சாதியை அடிக்கும்போது அவள் கத்துவது வெளியே கேட்கக் கூடாது, அதற்குத்தான் அந்த ஸ்பீக்கர்.

அவனுக்கு அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவான். ஜன்னல்களைச் சாத்துவான். பென் டிரைவைச் செருகிச் சத்தத்தைக் கூட்டுவான். பாட்டுச் சூடு பிடித்த பிறகுதான் இடுப்புவாரைக் கழற்றுவான். கதவு பூட்டும் சத்தத்திலேயே பெண்சாதி றிஸ்னா தலைமயிரை இறுக்கி முடிந்துகொள்வாள்.

வீடு அவளுடையது. பெண்பிள்ளைக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்து அதற்குள் மாப்பிள்ளையைக் கூட்டி வருவது இந்தப் பக்கத்து வழக்கம். வாப்பா காலிதீன் பள்ளிவாசலில் மோதினாராக இருந்து, பாங்கு சொல்லி, ஊரில் சாவு விழுந்தால் மௌத்து அறிவித்து, கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு. அதற்குள் ஓர் உடுப்புப் பெட்டியோடு வந்தவன், அவளை அவளுடைய நிலத்தில் போட்டு மிதித்தான். உப்புக் கூடினால் அடி. போனை எடுக்கச் சுணங்கினால் அடி. சாகாமத்து வயல்வட்டையில் வேளாண்மை சரிந்தாலும் அடி இவளுக்குத்தான். உம்மாவைக் கடல் கொண்டு போயிருந்தது. வாப்பா கண்ணை மூடிவிட்டார். கூடப் பிறந்த ஒரே நானா பர்ஹான் கட்டாரில் இருந்தான். அவளுக்கென்று வந்து நிற்க ஆள் இல்லை என்பதைக் கணக்காகத் தெரிந்துகொண்டுதான் அவன் கை நீட்டினான்.

சும்மா இருந்தாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். பள்ளிவாசலில் தங்கள் குடிக்குத் தலைவரான மரைக்காயரிடம் போனாள். சபுர் செய் மகள், பொறுத்துப் போ என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். ஒருநாள் அவன் பிடியிலிருந்து நழுவிக் குசினிக்கு ஓடி, பின் மதிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு சல்மா உம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சல்மா உம்மா ஊரில் மௌத்தாகும் பெண்களைக் குளிப்பாட்டுகிறவர், யார் வீட்டுக்கும் நேரகாலம் பாராமல் போகிறவர். மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது, ஆள் அசைந்தது, பிறகு விளக்கு அணைந்தது. அன்றைக்குத்தான் அவன் அவளுடைய இடது கை மோதிர விரலைக் கதவிடுக்கில் வைத்து நசித்தான். அடுத்தநாள் சல்மா உம்மா மதிலுக்கு மேலால் முருங்கைக்காய் நீட்டினார். நேற்று நல்ல பாட்டெல்லாம் போட்டீங்க போல என்று முருங்கைக்காயைப் பார்த்தே சொன்னார்.

அந்த விரல் கோணலாகத்தான் பொருந்தியது. அதனால்தான் அவளுடைய பாட்டில் மூன்றே மூன்று கிட்டார் கோர்டுகள்.

பாட்டு வந்த கதை இது. பர்ஹான் கட்டாருக்குப் போகமுன் பிரசாந்தோடு சேர்ந்து கிட்டார் அடித்துத் திரிந்தவன். பிரசாந்த் பள்ளிவாசலுக்குப் பின்வீதியில் கல்யாண வீடியோ எடுக்கும் தமிழ்ப் பெடியன், வீட்டின் பின்னறையிலேயே சின்ன ஒலிப்பதிவுக் கூடமும் வைத்திருந்தான். நானா விட்டுப் போன எலெக்ட்ரிக் கிட்டாரை றிஸ்னா நெல் மூட்டைகளுக்குப் பின்னால் படங்கில் சுற்றி ஒளித்து வைத்திருந்தாள். ஜுனைட் அறுவடைக்குப் போய் வயல் வாடியில் தங்கும் நாட்கள்தான் அவளுக்குப் பெருநாள். கதவைப் பூட்டிக்கொண்டு, சின்ன வயதில் நானாவோடு இருந்து கேட்ட ராக் அண்ட் ரோல் பாட்டுகளின் அடியை நல்ல விரல்களால் தேடித் தேடிப் பிடித்தாள். பிறகு வெள்ளை உடுப்பு அடுக்கிய அலுமாரிக்குள் தலையை நுழைத்து, போனை உடுப்புகளுக்கு நடுவில் வைத்து, அடித்தொண்டையால் பாடினாள். அது பாடுகிறவள் குரல் இல்லை. நெடுநாளாக வாயைப் பொத்தி வைத்திருந்தவளின் குரல்.

சத்தம் கூட்டு, சத்தம் கூட்டு,
பக்கத்து வீடு கேட்கக் கூடா.
கதவைப் பூட்டு, திரையை இழு,
சுவருக்குக் கூடத் தெரியக் கூடா.

பிரசாந்துக்கு அனுப்பினாள். அவன் டிரம்ஸும் பேஸும் சேர்த்தான். யார் பாடியது என்று போடுவது என்று கேட்டான். ஆரோ எண்டு போடுங்க அண்ணன் என்றாள். 'ஆரோ' என்ற பெயரில், கருப்புப் படத்தோடு, அந்த ஒற்றைப் பாட்டு இணையத்தில் ஏறியது.

ஏறியதுதான் தெரியும். ஆட்டோக்காரர்கள் தூக்கினார்கள். மாவடிப்பள்ளி வயல் மெஷினிலும் கோமாரிக் கடற்கரையிலும் அது ஓடியது. கிரிக்கெட் மேட்சில் ஆறு அடித்தால் அந்தக் கிட்டார்த் துண்டைப் போட்டார்கள். கூத்தடிக்கிற பாட்டு என்றே எல்லாரும் நினைத்தார்கள். அடிபட்டவள் எழுதியதை அடிபடாத சனம் ஆடிக் கேட்டது. இதில் யாரை நோவது?

ஜுனைட்டும் ஆடினான். வட்டையால் வந்தவன் முதல் வேலையாக அதைப் பென் டிரைவில் ஏற்றினான். எவளோ கிழிச்சிருக்காள் என்று சொல்லிச் சொல்லி நாலைந்து தரம் கேட்டான். குசினியில் றிஸ்னா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பயமும் பெருமையும் ஒன்றாக ஏற, கழுவிய மீனையே மறுபடி கழுவினாள். அந்த வாரமே மீன் ஆணம் ஆறிப் போயிருந்ததற்காக அவன் கதவைப் பூட்டினான். எதைப் போடுவது என்று தேடி, அவளுடைய பாட்டையே போட்டான்.

அன்றைக்குப் பட்ட அடி எப்போதும் பட்ட அடிதான். ஆனால் மேலே அவளே பாடிக்கொண்டிருந்தாள். கீழே அவள் உம்மா உம்மா என்று அலறியதை மேலே பாடியவள் அமுக்கினாள். தன் குரலையே தன் வாயில் துணியாக அடைத்துவிட்டான் என்று றிஸ்னாவுக்குத் தோன்றியது. அதைவிடக் கேவலமாக அவள் எப்போதும் உணர்ந்ததில்லை.

அந்த அடியின் நடுவில்தான் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மைக்கை இரண்டு தரம் தட்டுகிற சத்தம் கேட்டது. இந்த ஊர்களில் அந்தத் தட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. தட்டு விழுந்தால் டிவி அடங்கும், ரேடியோ அடங்கும், சண்டை பிடிக்கிறவர்களும் வாயை மூடிக் காதைக் கொடுப்பார்கள். யாருடைய பெயர் வரப்போகிறதோ என்று ஊரே மூச்சைப் பிடிக்கும். ஜுனைட்டும் பாய்ந்து போய்ப் பாட்டை நிறுத்தினான். ஒரு கையில் இடுப்புவார், மறு கையில் அவளை இழுத்துப் போன தலைமயிர், அப்படியே நின்று கேட்டான். தூரத்துச் சொந்தத்தில் ஒரு கிழவர் வபாத்தாம். மௌத்துக் கேட்டால் சொல்லும் அரபுச் சொல்லை வாய்க்குள் ஓதினான். தலைமயிரை விட்டான். வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணித் தரச் சொன்னான்.

றிஸ்னா உடைந்த உதட்டை இறுக்கிக்கொண்டு, சட்டையில் இரத்தம் சொட்டாமல் தேய்த்துக் கொடுத்தாள். தேய்த்துக்கொண்டே யோசித்தாள். கதவைத் திறந்தபோது ஒழுங்கை நிறைந்து சனம் போய்க்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்காமல் ஓடும் பெண்கள், சாரத்தை மடித்துக் கட்டிய ஆண்கள், கையில் பையோடு சல்மா உம்மா. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மௌத்து வீட்டுக்குக் கூப்பிடாமலேயே போவார்கள். தட்டாமலேயே உள்ளே நுழைவார்கள். உயிரோடு மதிலைப் பிடித்துக் கத்தினவளுக்கு விளக்கை அணைத்த சனம் அது.

அடுத்தநாள் பிரசாந்துக்குக் குரல் செய்தி அனுப்பினாள். பாட்டுக்கு இன்னொரு பிரதி வேண்டும், ஊருக்கு இல்லை, இந்த வீட்டுக்கு மட்டும். நடுவில் வரும் நீளமான கிட்டார் வாசிப்பை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் மைக் தட்டும் சத்தமும், தன் பெயரில் ஒரு மௌத்து அறிவித்தலும். அவன் உடனே போன் எடுத்தான்.

"தங்கச்சி, இது விளையாட்டில்ல. உங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சா என்னை உசிரோட விடுவாங்களா?"

அவள் போனை வைத்தாள். முதுகைக் கண்ணாடியில் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினாள். மாலையில் பாட்டு வந்தது, கூடவே ஒரு குரல் செய்தி.

"அரபுச் சொல்ல நான் சொல்லல்ல, அது உங்கட. மத்ததெல்லாம் சொல்லியிருக்கன். சின்ன வயசிலயிருந்து உங்கட வாப்பா அறிவிக்கிறதக் கேட்டுத்தானே வளர்ந்தம். அவர்ர குரல்லதான் எனக்கு வந்தது."

கேட்டுப் பார்த்தாள். வாப்பாவேதான். ஊர்ப் பெயருக்கு முன் ஒரு சின்ன இருமல், பெயரைச் சொல்லமுன் ஓர் இழுவை. அலுமாரிக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு பென்னில் பழையதை அழித்துவிட்டு இதை ஏற்றினாள். அவன் சும்மா சந்தோசத்துக்குப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது. நல்ல காலமோ கெட்ட காலமோ, அவனுக்கு வட்டையில் வேலை நெருக்கி, இரண்டு கிழமை அவன் ஸ்பீக்கர் பக்கமே திரும்பவில்லை.

அஸர் தொழுகை முடிந்த ஒரு பின்னேரம், விதைநெல் எடுக்கவென்று அறைக்குள் போனவன் திரும்பி வரும்போது கையில் நெல் மூட்டை இல்லை. படங்கு ஒரு பக்கம் தொங்க, கிட்டாரைக் கழுத்தில் பிடித்துக்கொண்டு வந்தான். றிஸ்னா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவன் கிட்டாரைப் பார்த்தான், அவளுடைய கோணல் விரலைப் பார்த்தான், விரல் நுனிகளில் காய்த்துப் போயிருந்த தோலைப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை.

"ஆரோ எண்டா நீதானா?"

அவள் தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள்.

"ஊரெல்லாம் உண்ட குரலக் கேட்டு ஆடுறான். அதுக்கு நானும் ஆடினன், என்ன?"

அவமானம் ஆம்பிளைக்கு ஏறினால் கண் சிவக்கும் என்பார்கள். இவனுக்கு முகம் வெளுத்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது. அவளைத் தலைமயிரில் பிடித்து முன் ஹோலுக்கு இழுத்து வந்தான். தாழ்ப்பாள் விழுந்தது. ஜன்னல்கள் விழுந்தன. பென்னைச் செருகினான்.

"உண்ட பாட்டையே போடுறன். கூடக் கத்து."

டிரம்ஸ் விழுந்த முதல் அடியோடு கிட்டாரைச் சுழற்றி அவள் தோளில் இறக்கினான். அவள் சுவரில் மோதிக் கீழே விழுந்தாள். இனி அவளுக்கு இருந்தது ஒரே வேலை. பாட்டின் நடுப்பகுதி வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும். தான் செய்த பாட்டு, எந்த இடத்தில் என்ன வரும் என்று அவளுக்கு நெட்டுரு. முதல் சரணத்தில் அவன் முதுகில் அடித்தான். பல்லவி வந்தபோது கிட்டாரின் உடல் பிளந்து கம்பிகள் தெறித்தன. ஒரு கம்பி அவள் கன்னத்தைக் கீறிக்கொண்டு போனது. சத்தம் கூட்டு என்று மேலே பாடியவளை அவள் கெஞ்சினாள். கெதியாப் பாடு, கெதியாப் பாடி முடி என்று கெஞ்சினாள்.

இரண்டாவது சரணத்தில் அவன் அவளுடைய இடது கையைத் தேடினான். அவள் அதை நெஞ்சுக்கடியில் ஒளித்தாள். காலால் புரட்டி, கையை வெளியே இழுத்து, நிலத்தில் வைத்துக் குதிக்காலால் மிதித்தான். இனி அடிப்பியா, இனி அடிப்பியா என்று ஒவ்வொரு மிதிக்கும் கேட்டான். ஏதோ முறிந்தது. அவள் போட்ட கூச்சல் ஒழுங்கைக் கோடிக்குக் கேட்டிருக்க வேண்டும், பாட்டு அதை அப்படியே விழுங்கியது. வாயில் இரத்தமும் உடைந்த பல்லும் உருண்டன. கண் இருண்டு வந்தது. இன்னும் ஒரு பல்லவிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் கிட்டாரின் முறிந்த கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் ஓங்கினான்.

பாட்டு நின்றது.

டொக், டொக்.

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு, அவனைக் கேட்காமலேயே நின்றது. தட்டைத் தொடர்ந்து சின்ன இருமல். பிறகு அந்தக் குரல் வீடு நிறைய, ஒழுங்கை நிறையப் பரவியது.

"ஜனாஸா அறிவித்தல். கல்முனைக்குடியைச் சேர்ந்த, மர்ஹூம் காலிதீன் அவர்களின் மகளும், பர்ஹானின் சகோதரியும், ஜுனைட்டின் மனைவியுமாகிய... றிஸ்னா வபாத்தானார்கள்."

அவன் உதடு பழக்கத்தில் ஓதத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. கீழே பார்த்தான். றிஸ்னா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை இறுக்கிப் பிடித்தாள். முறிந்த கை துடித்ததைக்கூட விழுங்கிக்கொண்டாள். அவன் முழங்காலில் விழும் சத்தம் கேட்டது. அவளுடைய தோளைத் தொட்டு உலுப்பினான். றிஸ்னா, றிஸ்னா என்று இரண்டு தரம் கூப்பிட்டான். அப்படி மெல்ல அவள் பெயரை அவன் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலம். தான் அவளைக் கொன்றுவிட்டதாகவும் அது பள்ளிவாசலுக்கே தெரிந்துவிட்டதாகவும் நினைத்தான், எப்படித் தெரிந்தது என்று கேட்கும் புத்தி அந்த நேரத்தில் அவனுக்கு இல்லை. அறிவித்தல் என்றால் அது உண்மை. அவன் காதில் அது ஒருநாளும் பொய்யாக விழுந்ததில்லை.

அவன் எழுந்து ஓடினான். தப்பி ஓடத்தான் ஓடினான். தாழ்ப்பாளை அவன் கையாலேயே இழுத்துத் திறந்தான்.

ஒழுங்கை திரண்டு வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கும் அப்படித்தான் கேட்டிருந்தது. பாட்டு நின்றது, தட்டு விழுந்தது, பெயர் வந்தது. குரல் மௌத்தான மோதினாருடையது என்பதோ, அறிவித்தலில் அரபுச் சொல் இல்லை என்பதோ ஒருவருக்கும் படவில்லை, அந்தச் சொல்லை ஒவ்வொருவரும் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு ஓடி வந்தார்கள். முன்னால் ஹார்ட்வேர் கடைக்காரர், பின்னால் பெண்கள், பெண்களுக்கு நடுவில் வெள்ளைத் துணிப் பையோடு சல்மா உம்மா. வாசல் கடப்பைத் தாண்டி அவர்கள் படியில் கால் வைத்த அந்த நேரம், வீட்டுக்குள் டிரம்ஸ் மறுபடி விழுந்தது. கடைசிப் பல்லவி முழுச் சத்தத்தில் எழும்பியது.

சத்தம் கூட்டு, சத்தம் கூட்டு.

ஜுனைட் திரும்பிப் பார்த்தான். ஸ்பீக்கரைப் பார்த்தான், நிலத்தில் கண்ணைத் திறந்துகொண்டிருந்த அவளைப் பார்த்தான். விளங்கிவிட்டது. கிட்டார்க் கழுத்து இன்னும் அவன் கையில்தான் இருந்தது. ஒரே பாய்ச்சலில் உள்ளே போய் அதை அவள் தலைக்கு இறக்கினான். இந்தத் தடவை அவன் கை நின்றது பழக்கத்தால் இல்லை. கடைக்காரர் பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்துப் பிடித்திருந்தார். அடி தவறி அவளுடைய காதோரத்தைச் சீவிக்கொண்டு நிலத்தில் விழுந்தது.

பாட்டு, இது பாட்டு, மௌத்து இல்ல, பள்ளிவாசல வைச்சு விளையாடியிருக்காள் என்று அவன் கத்தினான். இரண்டொருவர் தயங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜனாஸா அறிவித்தலைப் போய்ப் பாட்டில் போடுவதா என்று ஒருவர் முணுமுணுத்தார். அப்போது சல்மா உம்மா குனிந்து, குளிப்பாட்டப் போகிறவரின் பழக்கத்தில், றிஸ்னாவின் சட்டையை முதுகுப் பக்கம் விலக்கினார். பழைய தழும்பு, புதுத் தழும்பு, பழுத்தது, பச்சையானது எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடந்தன. முணுமுணுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஆண்கள் ஜுனைட்டை அடித்தார்கள். வாசலுக்கு இழுத்துப் போய் மணலில் போட்டு அடித்தார்கள். கலா ரசிகன் என்று சிரித்த கடைக்காரர்தான் எல்லாரிலும் மோசமாக அடித்தார். மூக்கு உடைந்தது, விலா முறிந்தது, போதும் நானா போதும் என்று அவன் அழுதது தெளிவாகக் கேட்டது. தெளிவாகத்தான் கேட்டது, ஏனென்றால் பாட்டு முடிந்திருந்தது. எத்தனையோ மாதமாக அந்தச் சுவருக்குள் நடந்ததைத் தாங்களும் கேட்டும் கேளாமல் இருந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான் அவன் மேல் இறக்கினார்கள். அவனுக்கு விழுந்ததில் பாதி அவர்களுக்கு விழ வேண்டியது.

உள்ளே பெண்கள் றிஸ்னாவை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தார்கள். மையித்துக்குக் கொண்டு வந்த வெள்ளைத் துணியைக் கிழித்து சல்மா உம்மா அவளுடைய கையைக் கட்டினார். கட்டும்போது அவருடைய கண்ணீர் மூக்கு நுனியில் நின்றது.

"ஏன் மகள் இப்பிடிச் செஞ்ச? ஒரு சத்தம் போட்டிருந்தா நாங்க வந்திருக்க மாட்டமா?"

றிஸ்னா அவரைப் பார்த்தாள். வாயிலிருந்த இரத்தத்தை ஒரு பக்கமாகத் துப்பினாள்.

"சத்தம் போட்டன் உம்மா. உங்கட பேரச் சொல்லித்தான் போட்டன். உசிரோட கூப்பிட்டதுக்கு நீங்க வரல்ல, அதான் மௌத்தாகிக் கூப்பிட்டன்."